வெளிநாட்டுக்குக் கொஞ்ச நாள் போகிறவர்களும் ஓட்டுநர் உரிமமும்: கடலூர், புதுச்சேரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் முதுநகரிலோ முத்தியால்பேட்டையிலோ எந்தத் தெருவுக்குப் போனாலும் வெளிநாட்டில் ஆள் இருக்கும் ஒரு வீடாவது இருக்கும். பாரிசில் அண்ணன், சிங்கப்பூரில் மருமகன், துபாயில் தம்பி, நியூ ஜெர்சியில் மகள். அவர்களைப் பார்க்கப் போகிறவர்களும், படிப்புக்கோ வேலைக்கோ புதிதாகக் கிளம்புகிறவர்களும் விமான டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் லைசென்ஸைப் பற்றி யோசிக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் முதலில் கேட்பது "அந்த நாட்டில் நம் லைசென்ஸ் செல்லுமா?" என்பது. அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: அந்த நாட்டுச் சட்டத்துக்கு நீங்கள் யார்? சுற்றிப் பார்க்க வந்தவரா, மாணவரா, அங்கே குடியிருப்பவரா? மூவருக்கும் மூன்று விதி. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சுற்றுலா விசாவில் இரண்டு மூன்று மாதம் போகிறேன். அங்கே புதிதாக லைசென்ஸ் எடுக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். செல்லுபடியாகும் இந்திய உரிமமும் அதனுடன் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் இருந்தால் பல நாடுகளில் வருகையாளராக வண்டி ஓட்டலாம். பிரிட்டனில் வருகையாளர்கள் சொந்த நாட்டு உரிமத்திலேயே 12 மாதம் வரை கார் ஓட்டலாம். பிரான்சில் குறுகிய காலம் தங்குகிறவர் உரிமத்துடன் பிரெஞ்சு மொழிபெயர்ப்போ பன்னாட்டு அனுமதியோ வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் குறுகிய கால வருகையாளர் 12 மாதம் வரை ஓட்டலாம். நம் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் அங்கே மொழிச் சிக்கலும் இல்லை.

பல நாடுகள் வருகையாளருக்கு உள்ளூர் உரிமம் தருவதே இல்லை. அங்கே குடியிருப்பதற்கான சான்றைக் கேட்பார்கள். ஒரு மாதத்துக்கு வந்தவரிடம் அது இருக்காது. ஆகவே "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று எதையும் விட்டுவைக்காமல், செய்ய வேண்டியதையெல்லாம் ஊரிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி என்பது தனி லைசென்ஸா?

இல்லை. உங்கள் இந்திய உரிமத்தைப் பிற நாட்டுக் காவலர் படித்துப் புரிந்துகொள்வதற்கான ஆவணம் அது. 1949ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி வழங்கப்படுகிறது. மூல உரிமம் கையில் இல்லாமல் இதை மட்டும் நீட்டினால் செல்லாது. இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

ஓராண்டு வரை செல்லும். அதற்குள் உங்கள் இந்திய உரிமம் காலாவதியானால் அனுமதியும் அன்றே முடிந்துவிடும். இதைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் ஆறு மாதம் தங்கப் போகிறவரின் உரிமம் மூன்றாம் மாதம் முடிகிறது என்றால், மீதி மூன்று மாதத்துக்கு அவரிடம் எதுவும் இல்லை. காலாவதியாவதற்கு ஓராண்டு இருக்கும்போதே புதுப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. எனவே முதலில் உரிமத்தைப் புதுப்பியுங்கள், பிறகு பன்னாட்டு அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். நாற்பது வயதைக் கடந்தவர்கள் புதுப்பிக்கும்போது 1ஏ படிவத்தில் மருத்துவச் சான்று தேவைப்படும் என்பதால் அதற்கும் சில நாள் ஒதுக்குங்கள்.

அதை எங்கே, எப்படி வாங்குவது?

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில்தான். மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் 'சாரதி' பகுதிக்குள் போய் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் உங்கள் விவரம் வரும். அதில் பன்னாட்டு அனுமதிக்கான சேவையைத் தேர்ந்தெடுங்கள். படிவத்தின் பெயர் 4ஏ. கடவுச்சீட்டு நகல், உரிம நகல், புகைப்படம் ஆகியவை வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கட்டணம் 1,000 ரூபாய். சேவைக் கட்டணம் ஏதேனும் இருந்தால் பணம் கட்டும் பக்கத்திலேயே தெரியும். 2021 ஜனவரியில் வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு, விண்ணப்பிக்கும்போதே விசா இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும், இதற்கென்று தனி மருத்துவச் சான்று என்ற நிபந்தனையும் நீக்கப்பட்டுவிட்டன. விசா கைக்கு வந்திருந்தால் நகலை எடுத்துப் போவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

கடலூர் முகவரிக்காரர்கள் தமிழ்நாட்டையும் புதுச்சேரி முகவரிக்காரர்கள் புதுச்சேரியையும் தேர்ந்தெடுக்க வேண்டும். சொல்லத் தேவையில்லாத விஷயம் போலத் தோன்றும். ஆனால் நம் பகுதியில் எல்லை எப்படி வளைந்து வளைந்து போகிறது என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கொஞ்சம் தள்ளிக் கன்னியக்கோயில் புதுச்சேரி. கல்யாணமாகியோ வீடு கட்டியோ அந்தப் பக்கம் குடிபோனவர்களின் உரிமத்தில் டிஎன் 31 எண்ணும் பழைய கடலூர் முகவரியும் அப்படியே இருக்கும். கடவுச்சீட்டில் புதுச்சேரி முகவரி இருக்கும். அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன் உரிமத்தில் முகவரியை மாற்றிக்கொள்வது நல்லது. அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் காத்திருப்பு. விசா நேர்காணலுக்கு நாள் குறித்த வாரத்திலேயே இதைத் தொடங்கிவிடுங்கள்.

என் உரிமம் பழைய புத்தக வடிவில் இருக்கிறது. எண்ணைப் போட்டால் இணையத்தில் ஒன்றுமே வரவில்லை. என்ன செய்வது?

பழைய காகிதப் பதிவேட்டில் இருந்த விவரம் கணினிக்கு ஏறவில்லை என்று பொருள். உரிமம் வழங்கிய அலுவலகத்துக்கே மூலப் புத்தகத்துடன் போய், விடுபட்ட பதிவை ஏற்றித் தரும்படி கேட்க வேண்டும். அவர்கள் பழைய பதிவேட்டைப் பார்த்துச் சரிபார்த்து ஏற்றுவார்கள். அதன் பிறகு அட்டை வடிவ உரிமமாக மாற்றிக்கொள்ளுங்கள். மடித்து மடித்துக் கிழிந்த புத்தகத்தை வெளிநாட்டில் கார் வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில் நீட்டினால் ஏற்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

கூடவே இன்னொன்று. கைப்பேசியில் டிஜிலாக்கரில் உள்ள உரிமம் இந்தியாவுக்குள் செல்லும். வெளிநாட்டுக் காவலர் அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. அட்டையை எடுத்துச் செல்லுங்கள்.

கடவுச்சீட்டில் ஒரு பெயர், உரிமத்தில் ஒரு பெயர். இது பெரிய சிக்கலா?

சிக்கல்தான். நம் ஊர்க்காரர்களுக்கு மிக அதிகமாக வருவதும் இதுவே. உரிமத்தில் "ஆர். செல்வம்" என்று இருக்கும். கடவுச்சீட்டில் இனிஷியலை விரித்து, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் "ராமலிங்கம்" என்றும், பெயர் என்ற கட்டத்தில் "செல்வம்" என்றும் இருக்கும். நமக்கு இரண்டும் ஒரே ஆள். கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு ஆள். இதில் ஆங்கில எழுத்து வேறு: ஒன்றில் 'டிஎச்', மற்றதில் வெறும் 'டி'.

கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே உரிமத்திலும் பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள். திருத்திய உரிமத்தை வைத்தே பன்னாட்டு அனுமதி வாங்குங்கள். விமான டிக்கெட், கார் வாடகைப் பதிவு, கிரெடிட் கார்டு எல்லாவற்றிலும் அதே பெயர் வர வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பதிவுகளில் ஒரு விதமாகவும் இந்திய ஆவணங்களில் வேறு விதமாகவும் பெயர் உள்ள குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்கள் பிரான்சுக்குப் போய்ச் சரிசெய்வதைவிட இங்கேயே சரிசெய்வது எளிது.

தேதியையும் பாருங்கள். 05-07 என்று இருந்தால் நாம் ஜூலை ஐந்து என்று படிப்போம். அமெரிக்கர் மே ஏழு என்று படிப்பார். உங்கள் உரிமம் முடிந்துவிட்டதா இல்லையா என்ற சந்தேகமே இதனால் வரலாம். பன்னாட்டு அனுமதி கையில் இருப்பது இங்கேயும் உதவும்.

என்னிடம் இருசக்கர வாகன லைசென்ஸ் மட்டும்தான் இருக்கிறது. பன்னாட்டு அனுமதியில் காரையும் சேர்த்துத் தருவார்களா?

தர மாட்டார்கள். இந்திய உரிமத்தில் என்ன வகை இருக்கிறதோ அதுதான் அனுமதியிலும் வரும். ஏ வகை என்றால் மோட்டார் சைக்கிள். பி வகை என்றால் 3,500 கிலோவுக்கு மிகாத கார். ஓட்டுநரைத் தவிர எட்டு இருக்கைகள் வரை.

கார் உரிமம் வேண்டுமென்றால் முதலில் பழகுநர் உரிமம், அதற்குப் பின் குறைந்தது 30 நாள், பிறகு தேர்வு. கணக்கைப் பார்த்தால் இரண்டே மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் தேர்வில் வென்ற கையோடு விமானம் ஏறி, வலப்பக்கம் ஓட்டும் நாட்டின் ஆறு வழிச் சாலையில் இறங்குவதை நான் ஒருபோதும் சரி என்று சொல்ல மாட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் விழுப்புரம் சாலையிலும் சில மாதமாவது நன்றாக ஓட்டிப் பழகுங்கள். உரிமம் எடுத்து ஓராண்டு ஆகாதவர்களுக்கு வாடகைக் கார் கொடுக்காத நிறுவனங்களும் உண்டு.

பிரான்சில் உள்ள மகன் வீட்டுக்குப் போகிறேன். அங்கே விதி எப்படி?

புதுச்சேரியில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குறுகிய கால விசாவில், அதாவது 90 நாளுக்குள் போகிறவர் இந்திய உரிமம், பன்னாட்டு அனுமதி இரண்டையும் வைத்து ஓட்டலாம். மாணவராகப் போகிறவர் படிப்பு முடியும்வரை வெளிநாட்டு உரிமத்திலேயே ஓட்ட அனுமதி உண்டு. குடியேறுகிறவருக்குத்தான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. குடியிருப்பு தொடங்கியதிலிருந்து ஓராண்டு வரை இந்திய உரிமம் செல்லும். அதற்குப் பின் செல்லாது. வெளிநாட்டு உரிமத்தைப் பிரெஞ்சு உரிமமாக மாற்றித் தரும் ஏற்பாடு, இரு நாடுகளுக்கும் இடையே ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே உண்டு. இந்திய உரிமத்துக்கு அந்த வழி இல்லை. எனவே எழுத்துத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். 40 கேள்வி, அதில் 35 சரியாக இருக்க வேண்டும். அதன் பிறகு சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். முதல் ஆண்டு முழுவதும் "லைசென்ஸ்தான் இருக்கிறதே" என்று இருந்துவிட்டு, பதின்மூன்றாம் மாதத்தில் வேலைக்குப் போக வழியில்லாமல் நிற்பவர்கள் பலர். அங்கே போய்ச் சேர்ந்த மாதத்திலேயே ஓட்டுநர் பள்ளியில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் இதே கதைதான். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இங்கே வாழ்கிறார்கள். அவர்களில் சிலர், கடவுச்சீட்டு பிரெஞ்சு என்பதால் பிஒய் 01 லைசென்ஸும் அங்கே அப்படியே செல்லும் என்று எண்ணுகிறார்கள். உரிமம் எந்த நாட்டில் வாங்கியது என்பதைத்தான் பார்ப்பார்கள், கடவுச்சீட்டை அல்ல.

சாலை விதிகளில் நம்மவர்களைத் தடுமாற வைப்பது வலப்பக்க முன்னுரிமை. பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில், உங்களுக்கு வலப்பக்கத்திலிருந்து வருகிற வண்டிக்கு நீங்கள் வழிவிட வேண்டும். அது சின்னச் சந்திலிருந்து வந்தாலும் சரி, நீங்கள் பெரிய தெருவில் இருந்தாலும் சரி. நம் ஊரில் பெரிய சாலையில் போகிறவர் சந்திலிருந்து வருகிறவரை நிற்க வைத்துத்தான் பழக்கம். அந்தப் பழக்கம் அங்கே விபத்தில் முடியும். விபத்துக்கான பழியும் உங்கள் மேல்தான் விழும்.

அமெரிக்காவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருக்கப் போகிறோம். அங்கே லைசென்ஸ் எடுக்கலாமா?

அமெரிக்காவில் ஓட்டுநர் உரிமம் மாநில அரசின் வேலை. ஒரு மாநிலத்தில் உள்ள விதி அடுத்த மாநிலத்தில் இருக்காது. ஆகவே டெக்சாசில் உள்ள உறவினர் சொன்னதை நம்பி நியூ ஜெர்சியில் வண்டியை எடுக்காதீர்கள். கலிபோர்னியாவில் 18 வயதுக்கு மேற்பட்ட வருகையாளர், சொந்த நாட்டு உரிமம் செல்லுபடியாகும் வரை அதிலேயே ஓட்டலாம். ஆனால் அங்கே குடியிருப்பவராகிவிட்டால் பத்து நாளுக்குள் உள்ளூர் உரிமம் எடுக்க வேண்டும். சில மாநிலங்கள் பன்னாட்டு அனுமதியையும் சேர்த்துக் கேட்கின்றன. மகள் இருக்கும் மாநிலத்தின் மோட்டார் வாகனத் துறைத் தளத்தில் 'வருகையாளர்' என்ற பகுதியை அவரையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெற்றோருக்குச் சுற்றுலா விசாவில் உரிமம் எடுத்துத் தர ஆசைப்படும் பிள்ளைகள் உண்டு. அந்த ஆசையின் காரணம் எனக்குப் புரிகிறது. பஸ் இல்லாத புறநகரில், மகளும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு, கோயிலுக்கோ கடைக்கோ போக முடியாமல் அறுபது வயது அம்மா நாள் முழுவதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை. ஊரில் தானே கார் ஓட்டிப் போனவர் என்றால் பன்னாட்டு அனுமதியுடன் அங்கேயும் பகலில், பக்கத்துச் சாலைகளில் ஓட்டட்டும். ஊரில் ஓட்டியே பழகாதவருக்கு அங்கே போய்ப் புதிதாகக் கற்றுக்கொடுத்து உரிமம் எடுக்க வைப்பது வேண்டாத சுமை. அடையாளத்துக்கு உரிமம் வேண்டும் என்பது காரணமானால், கடவுச்சீட்டே போதும்.

வேலை, படிப்பு விசாவில் போகிறவர்களும் அவர்களுடைய துணைவரும் உள்ளூர் உரிமம் எடுக்கத்தான் வேண்டும். இறங்கிய மறுநாளே உரிம அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். குடிவரவுப் பதிவு கணினியில் ஏறுவதற்கு அவகாசம் தேவை. மாணவர்கள் குறைந்தது பத்து நாள் காத்திருக்க வேண்டும் என்று அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே சொல்கிறது. கடவுச்சீட்டு, விசா, ஐ-94 என்ற நுழைவுப் பதிவின் அச்சுப்படி, முகவரிச் சான்று ஆகியவற்றுடன் சமூகப் பாதுகாப்பு எண்ணும் கேட்பார்கள். வேலை செய்யும் அனுமதி இல்லாத எச்-4 விசாக்காரர்களுக்கு, அதாவது வேலை விசாக்காரரின் துணைவருக்கு, அந்த எண் கிடைக்காது. அவர்கள் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய், எண் பெறத் தகுதியில்லை என்ற கடிதத்தை வாங்கிக் கொடுக்க வேண்டும். இந்தக் கடிதம் இல்லாமல் போய்த் திரும்பி வரும் பெண்கள் ஏராளம். இப்படித் தற்காலிகமாக இருப்பவர்களுக்குத் தரும் உரிமம் பொதுவாக ஐ-94இல் உள்ள தேதியோடு முடிந்துவிடும். விசா நீட்டிப்பு வந்ததும் உரிமத்தையும் நீட்டிக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

ஓட்டும் தேர்வுக்குப் பல மாநிலங்களில் வண்டியை நீங்களே கொண்டுபோக வேண்டும். பதிவும் காப்பீடும் உள்ள வண்டி, கூட வர உரிமம் உள்ள ஒருவர். தேர்வில் நம்மவர்கள் தோற்பது பெரும்பாலும் 'ஸ்டாப்' பலகையில். சாலையில் ஒரு ஈ காக்கை இல்லாவிட்டாலும் சக்கரம் முழுமையாக நிற்க வேண்டும். மெதுவாக உருட்டிக்கொண்டு போனால் நின்றதாகக் கணக்கில்லை. பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு நிற்கும்போது கடந்து போவதும் பெரிய குற்றம்.

துபாய்க்கு விசிட் விசாவில் போய் வேலை தேடப் போகிறேன். அங்கே?

விசிட் விசாவில் இருக்கும்வரை பன்னாட்டு அனுமதியுடன் வாடகைக் கார் ஓட்டலாம். வேலை கிடைத்துக் குடியிருப்பு விசா வந்த நாளிலிருந்து அந்த உரிமை போய்விடுகிறது. ஆள் அதேதான், லைசென்ஸும் அதேதான், மாறியது விசா மட்டுமே. ஆனால் அதன் பிறகு ஓட்டினால் உரிமம் இல்லாமல் ஓட்டியதாகவே எடுத்துக்கொள்வார்கள். விபத்து நடந்தால் காப்பீடும் கைவிட்டுவிடும். கம்பெனி வண்டியைக் கொடுத்து "ஓட்டு, பார்த்துக்கொள்ளலாம்" என்று மேலாளர் சொன்னாலும் ஓட்டாதீர்கள். மாட்டுவது நீங்கள்தான், மேலாளர் அல்ல.

சில நாட்டுக்காரர்கள் தங்கள் உரிமத்தைக் கொடுத்து நேராக அமீரக உரிமம் வாங்கிக்கொள்ள முடியும். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. துபாயில் 'கோல்டன் சான்ஸ்' என்று ஒரு வழி உண்டு: சொந்த நாட்டு உரிமம் உள்ளவர் வகுப்புகளுக்குப் போகாமல் ஒரே ஒரு முறை நேரடியாகத் தேர்வு எழுதிப் பார்க்கலாம். தோற்றால் எல்லாரையும் போல வகுப்பில் சேர வேண்டும். அங்கே எழுத்துத் தேர்வைத் தமிழிலும் எழுத முடியும் என்பது நம் பையன்களுக்குப் பெரிய ஆறுதல். மது குடித்துவிட்டு ஓட்டும் விஷயத்தில் அங்கே துளியும் தளர்வு கிடையாது.

சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. அங்கேயும் இடப்பக்கம்தானே ஓட்டுகிறார்கள், தேர்வு எதற்கு?

12 மாதத்துக்கு மேல் தங்குகிறவர் சிங்கப்பூர் உரிமமாக மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வில் 50 கேள்விக்கு 45 சரியாக இருக்க வேண்டும். வேலை அனுமதியின் வகையைப் பொறுத்து நிபந்தனைகள் மாறும் என்பதால் உங்கள் அனுமதிச் சீட்டை வைத்துக்கொண்டே போக்குவரத்துக் காவல் துறையின் தளத்தைப் படியுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் இலங்கைக்குப் போகிறோம். அங்கே பைக் ஓட்டலாமா?

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வியும் வருகிறது. இலங்கையில் இந்திய உரிமத்தையும் பன்னாட்டு அனுமதியையும் காட்டிவிட்டு நேராக ஓட்டிவிட முடியாது. அவற்றை வைத்து அந்நாட்டின் தற்காலிக உரிமம் வாங்க வேண்டும். கொழும்பு அருகே வேரஹெராவில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் அதைத் தருகிறார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வாங்கும் வசதியும் வந்தது. கப்பலில் வடக்கே இறங்குகிறவருக்கு இரண்டுமே தூரம். யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள் சுற்றுவதற்கு ஓட்டுநருடன் ஆட்டோவோ வேனோ எடுத்துக்கொள்வதே நிம்மதி.

இணையத்தில் மூன்று ஆண்டு, பத்து ஆண்டு செல்லும் சர்வதேச லைசென்ஸ் விற்கிறார்களே?

வாங்காதீர்கள். 1949 உடன்படிக்கையின்படி தரப்படும் அனுமதிக்கு ஓராண்டுதான் ஆயுள். இந்திய உரிமத்துக்கு அதற்கு மேல் எழுதி இணையத்தில் விற்கும் எதுவும் பளபளப்பான அட்டை, அவ்வளவுதான். அதைக் காவலரிடம் காட்டினால் போலி ஆவணம் காட்டியதாக வழக்கு வரலாம். விசா வாழ்க்கையில் அப்படியொரு வழக்கு என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அசல் கடவுச்சீட்டைக் கேட்கும் ஆளிடமும் கொடுக்காதீர்கள். இது நீங்களே செய்யக்கூடிய வேலை.

உறவினர் காரை ஓட்டலாமா, வாடகைக் கார் எடுப்பது நல்லதா?

உறவினர் கார் என்றால் முதலில் அவருடைய காப்பீட்டு நிறுவனத்துக்கு போன் செய்யச் சொல்லுங்கள். அந்த பாலிசியில் வெளிநாட்டு உரிமம் உள்ள ஒருவர் ஓட்ட இடமிருக்கிறதா, உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். உரிமம் சரியாக இருந்து காப்பீடு இல்லாமல் போனால், ஒரு விபத்து இரண்டு தலைமுறைச் சேமிப்பைத் தின்றுவிடும். மருத்துவச் செலவும் நஷ்டஈடும் அங்கே அந்த அளவு.

வாடகைக் காருக்கு, ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். பல இடங்களில் 25 வயதுக்குக் கீழே என்றால் கூடுதல் கட்டணம். ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் மட்டுமே ஓட்ட வேண்டும். காரை எடுக்கும்போது நான்கு பக்கமும் சுற்றி வீடியோ எடுத்துவிடுங்கள்.

வலப்பக்கம் ஓட்டுவதற்குப் பழகுவது எப்படி?

நேர்ச் சாலையில் சிக்கல் வராது; முன்னால் போகிற வண்டியைப் பார்த்தே போய்விடலாம். ஆபத்து திருப்பத்தில். அதுவும் ஆளில்லாத சாலையில் இடது பக்கம் திரும்பும்போது கை தானாக இடது பாதைக்குள் போய்விடும். பெட்ரோல் பங்கிலிருந்தும் கடை வாசலிலிருந்தும் வெளியே வரும்போதும் இதே தவறு நடக்கும். ஓட்டுநர் இருக்கை எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் "வலப்பக்கப் பாதை" என்று வாய்விட்டுச் சொல்லட்டும்.

நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் இண்டிகேட்டர் வலக்கைப் பக்கம், அங்கே இடக்கைப் பக்கம். திரும்பும்போது கண்ணாடித் துடைப்பான் ஓடத் தொடங்கினால் பதற வேண்டாம். இடக்கையால் சரியானதைப் போடுங்கள். கியர் மாற்றும் வேலையையும் சேர்த்துச் சுமக்காமல் ஆட்டோமேட்டிக் வண்டியே எடுங்கள். இரவு விமானத்தில் தூக்கமில்லாமல் இறங்கிய அன்று ஓட்டவே வேண்டாம்.

விபத்து நடந்துவிட்டால்?

நிறுத்துங்கள். ஓடிவிடக் கூடாது. ஆள் சேர்ந்துவிடுவார்கள் என்ற நம் ஊர்ப் பயம் அங்கே தேவையில்லை; ஓடிப்போவதுதான் பெரிய குற்றமாகும். அவசர எண் அமெரிக்காவில் 911, பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் காவல் துறைக்கு 999. பிரான்சில் சிறிய மோதல் என்றால் இரண்டு ஓட்டுநரும் சேர்ந்து ஒரு படிவத்தை நிரப்பிக் கையெழுத்திடுவார்கள். எந்த வண்டி எங்கே நின்றது என்று படம்கூட வரைய வேண்டும். யார் மீது தவறு என்பதைக் காப்பீட்டு நிறுவனம் அதை வைத்துத்தான் முடிவு செய்யும். படித்துப் புரியாமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். மகனுக்கு போன் செய்து, அவர் வரும்வரை காத்திருங்கள்.

பாரிசிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரன் இங்கே ஸ்கூட்டர் ஓட்டலாமா?

பிரான்சில் வாங்கிய பன்னாட்டு அனுமதி வேண்டும். அதில் மோட்டார் சைக்கிளுக்கான ஏ வகையும் இருக்க வேண்டும். அங்கே கார் உரிமம் உள்ளவர், பயிற்சி எடுத்திருந்தால் 125 சிசி வரை ஓட்டலாம். ஆனால் அந்தச் சலுகை பிரான்சுக்குள் மட்டுமே. மிஷன் வீதியில் வாடகை ஸ்கூட்டர் எடுக்கும்போது அனுமதியை யாரும் கேட்காமல் விடலாம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். வாடகை வண்டியின் எண் பலகை கறுப்பில் மஞ்சள் எழுத்தாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வெள்ளைப் பலகை என்றால் அது வாடகைக்கு விட அனுமதி பெற்ற வண்டி அல்ல.

வெளிநாட்டில் இருக்கும்போது பன்னாட்டு அனுமதி முடிந்துவிட்டால் ஊருக்கு வர வேண்டுமா?

வர வேண்டாம். 2021இல் வந்த அதே திருத்தம், அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வழி செய்திருக்கிறது. விண்ணப்பம் உங்கள் ஊர்ப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வந்து, அனுமதி உங்கள் வெளிநாட்டு முகவரிக்கே அனுப்பப்படும். ஆனால் இந்திய உரிமம் உயிருடன் இருந்தால்தான் இது நடக்கும். உரிமம் காலாவதியாகி ஓராண்டு தாண்டிவிட்டால் புதுப்பிப்பதற்கு மறுபடி தேர்வுக்கு நிற்க வேண்டும். ஆகவே அங்கே உள்ளூர் உரிமம் கிடைத்துவிட்டாலும் இந்திய உரிமத்தின் தேதியைக் கைப்பேசியில் குறித்துவைத்து, விடுமுறைக்கு வரும்போது புதுப்பித்துவிடுங்கள். கனடாவின் ஒன்டாரியோ போன்ற இடங்களில் முன் அனுபவத்தைக் கணக்கில் எடுக்க உரிம விவரச் சான்று கேட்பார்கள். அதற்கும் சாரதி தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். போவதற்கு முன்பே ஒன்று வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.